மாஸ்டர் பெயரில் வந்த ரத்தம்

தையற்கடை மாஸ்டருக்கு ஊசி என்றால் பயம். சொன்னால் ஊர் சிரிக்கும் என்பதால் அவர் இதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. காலையில் கடை திறந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை ஊசியும் நூலுமாகப் பிழைப்பு நடத்துகிற மனுஷன். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரிடம் கதை பேசுவார். விரலில் ஊசி ஏறிவிட்டால் ரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த தையலைப் போடுவார். ஆனால் அதே ஊசிக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்து, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் எதிரே நின்றுவிட்டால் போதும், நூறு கிலோவைத் தாண்டிய அந்த உடம்பு வெலவெலத்துப் போகும்.

அவருடைய மனைவிக்கு மட்டும் இது லேசாகத் தெரியும். தெரிந்தும் விடவில்லை. கடைக்கு மேல்தான் வீடு. மாடிப்படி ஏறி வந்து சோற்றுத் தட்டின் முன் உட்காருவதற்குள் மாஸ்டருக்குப் புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் அப்பாவின் நினைவு வந்துவிடும். அவளுடைய அப்பா நாற்பது வயதை ஒட்டி, ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர், அப்படியே சாய்ந்து போனவர். மாரடைப்பு என்றார்கள். அப்போது அவள் பள்ளிக்கூடப் பெண், தம்பி இடுப்புக் குழந்தை.

"நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட போய் ரத்தம் குடுத்துட்டு வரணும். இல்லேன்னா இந்த வீட்ல அடுப்பு எரியாது" என்று அவள் சொல்லிவிட்டாள். அடுப்பு எரியாது என்பது மாஸ்டரைப் பொறுத்தவரை உயிருக்கே ஆபத்தான விஷயம். துணைக்குத் தம்பியையும் கூட அனுப்பிவைத்தாள்.

அந்தத் தம்பிதான் கடையில் துணி வெட்டுகிறவன். எல்லோரும் அவனை ஸ்கேல் என்று கூப்பிடுவார்கள். மேஜைமேல் கிடக்கும் மர ஸ்கேலை நிமிர்த்தி வைத்துச் சட்டை மாட்டிவிட்டால் அவன்தான். முப்பது தாண்டியும் அவன் இடுப்புக்கு ஒரு பேன்ட் வாங்கினால் பெல்ட் தனியாக வாங்க வேண்டும். சாப்பாடு மட்டும் குறைவில்லை. எதிர்த்த பேக்கரியிலிருந்து காலையில் ஒரு கிரீம் பன், சாயங்காலம் வெண்ணெய் பிஸ்கட், நடுவில் வறுவல் பொட்டலம் என்று வாய் ஓயாமல் அரைபடும். ஒரு கிராம்கூட ஒட்டாது. "சாப்பிடுறதெல்லாம் எங்கடா போகுது?" என்று மாஸ்டர் பொறாமையோடு கேட்பார்.

பரிசோதனைக் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். திரைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். திரை விலகியபோது, உள்ளே ஒருவர் கையை நீட்டிக்கொண்டிருப்பதும், குழாயில் சிவப்பு ஏறுவதும் மாஸ்டர் கண்ணில் பட்டுவிட்டன. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாமா, மூஞ்சில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?" என்றான் ஸ்கேல்.

"ஒண்ணுமில்லடா. வெறும் வயிறு."

ஸ்கேல் அவரைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரிக்க வேண்டியவன், மாமா மேல் உள்ள பிரியத்தில் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "பேரு கூப்பிட்டா நான் போய் உக்காந்துர்றேன். இங்க எவன் மூஞ்சியப் பார்க்கிறான்? என் ரத்தம் சுத்தமா இருக்கும். ரிப்போர்ட்டும் சுத்தமா வரும். அக்காவும் நிம்மதியா இருக்கும், நீங்களும் வழக்கம்போல சாப்பிடலாம்."

வழக்கம்போல சாப்பிடலாம் என்ற வார்த்தையில்தான் மாஸ்டர் விழுந்தார். ஊசிப் பயம் பாதி என்றால் மீதிப் பாதி அதுதான். அவருக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. இத்தனை வருஷமாக எத்தனை இடுப்புகளை அளந்திருக்கிறார்! இஞ்சு டேப் சுற்றும்போதே இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதுவார். மச்சினனின் இடுப்பைச் சுற்றினால் டேப்பில் பாதி மீந்து தொங்கும். அந்த உடம்பில் கொழுப்பு எங்கே இருக்கப் போகிறது? பெயர் கூப்பிட்டார்கள். ஸ்கேல் எழுந்து போய்க் கையை நீட்டினான். வெளியே வந்ததும் இருவரும் நேரே பேக்கரிக்குப் போய் ஆளுக்கொரு கிரீம் பன் சாப்பிட்டார்கள்.

ரிப்போர்ட்டை வாங்கப் போனவள் மாஸ்டரின் மனைவி. அவள் படியேறி வந்த வேகத்திலேயே ஏதோ கோளாறு என்று தெரிந்தது. கெட்ட கொழுப்பு இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு. கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அவள் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "எங்கப்பாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கணுமா?" என்று கேட்டாள். மாஸ்டர் மச்சினனைத் தேடிக் கீழே இறங்கினார்.

கீழே கடையில் வெட்டும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் நின்றார்கள்.

"மாப்ள, இது உன் ரத்தம்டா."

"அட போங்க மாமா. என்னைப் பாருங்க. உங்களப் பாருங்க. இது யாருக்கு வர்ற வியாதி? மெஷின் ஏதோ தப்பா காமிச்சிருக்கு."

"ஒருவேளை சரியா இருந்தா?"

"இருந்தா அப்புறம் பார்ப்போம். இப்ப அக்காகிட்ட போய் நின்னீங்கன்னா, ஊசிக்குப் பயந்து ஆள் மாத்துன கதை கடைத்தெரு பூரா நாறும். என்னையும் சேர்த்து உரிச்சுத் தொங்க விட்ரும்." சொல்லிவிட்டு அவன் சாக்குக் கட்டியால் துணியில் கோடு போட ஆரம்பித்தான்.

மாஸ்டர் அவனை வற்புறுத்தியிருக்கலாம். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மச்சினன் சொன்ன காரணம் அவருக்கு வசதியாக இருந்தது. அவனே வேண்டாம் என்கிறான், நான் என்ன செய்வது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். உள்ளே ஏதோ ஒன்று உறுத்தியது. அதை இஸ்திரிப் பெட்டி போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்துத் தேய்த்து அமுக்கினார்.

டாக்டரிடம் மனைவியும் கூடவே வந்தாள். தலை நரைத்த, நிதானமான டாக்டர். ரிப்போர்ட்டைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"உங்க அப்பா அம்மாவுக்கு ஹார்ட் பிரச்சினை உண்டா?"

"இவங்க வீட்ல எல்லாரும் எண்பதத் தாண்டித்தான் போவாங்க டாக்டர்" என்று மனைவியே பதில் சொன்னாள். "எங்க வீட்லதான்... எங்கப்பா சின்ன வயசுலயே போயிட்டார்."

"இது வெறும் சாப்பாட்டால மட்டும் வர்ற அளவு இல்ல" என்றார் டாக்டர். "கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் நம்ம கல்லீரலே தயார் பண்ணுது. அதை ரத்தத்துலேருந்து வெளிய எடுக்குற வேலையும் அதுக்குத்தான். சில குடும்பத்துல பிறவியிலேயே அந்த எடுக்குற வேலை மந்தமா இருக்கும். ஆள் ஒல்லியோ குண்டோ, வித்தியாசம் இல்ல. அதுக்கு மேல வெண்ணெய், வனஸ்பதி, பேக்கரி சாமான், கறிக்கொழுப்புன்னு உள்ள போனா, இருக்குற மந்தம் இன்னும் மந்தமாயிடும்." மாஸ்டரின் கண்ணிமைகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். "உங்களுக்கு இங்க ஒண்ணும் இல்லையே. சில பேருக்கு இமை ஓரத்துல மஞ்சளாப் படிஞ்சிருக்கும்."

சொல்லிக்கொண்டே திரும்பியவர், மாஸ்டரின் மனைவியின் முகத்தில் கண்ணை நிறுத்தினார். "இந்த மாதிரி."

அவள் சிரித்தாள். "இது எங்க பரம்பரை மச்சம் டாக்டர். எங்கப்பாவுக்கும் இருந்தது, தம்பிக்கும் இருக்கு."

"நீங்களும் ஒருதடவை ரத்தம் பார்த்துக்கங்க. தம்பியையும் பார்க்கச் சொல்லுங்க."

"முதல்ல இவரைப் பார்ப்போம் டாக்டர்" என்றாள் அவள்.

மாஸ்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் காகிதத்தில் இருப்பது மாமனாரின் ரத்தம். அது மச்சினனிடம் ஓடுகிறது. ஒருவேளை பக்கத்தில் உட்கார்ந்து தனக்காகக் கண்கலங்கும் இவளிடமும் ஓடலாம். சொல்ல வேண்டிய இடம் அதுதான், சொல்ல வேண்டிய ஆளும் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் டாக்டர் முன்னால், வெளியே காத்திருக்கும் கூட்டம் கேட்கும்படி, ஊசிக்குப் பயந்து ஆள் மாற்றினேன் என்று ஒரு தையற்காரன் எப்படிச் சொல்வான்? வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மாத்திரைச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குப் போயும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மாஸ்டரின் தட்டு மாறிப்போனது. வேகவைத்த பயறு, கீரை, பழம், ஒரு துண்டு மீன். கோழி சமைத்தால் அவர் பங்குத் துண்டுகளிலிருந்து தோலை அவள் பக்குவமாக உரித்துவிடுவாள். உரித்த தோலை வீணாக்க மனமில்லாமல் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துத் தம்பியின் தட்டில் வைப்பாள். "நீயாவது சாப்பிடுடா. எலும்பும் தோலுமா இருக்க." மாஸ்டருக்கு வாங்கி வைத்திருந்த வெண்ணெயும் அவன் ரொட்டிக்கே போனது. அக்கா அன்பாக வைத்தால் அவன் வேண்டாம் என்று சொல்லிப் பழகியதே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாஸ்டர் அந்தப் பொரித்த தோல் கடிபடும் சத்தத்தை ஒவ்வொரு வாயாகக் கேட்டார்.

ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "அவனுக்கும் கொஞ்சம் குறைச்சே வையேன்."

"கண்ணு வைக்காதீங்க" என்றாள் மனைவி. "உங்களால முடியல. அவனாவது சாப்பிடட்டும்."

ஸ்கேல் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். மாஸ்டரும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்காலத்தில் அவர் எத்தனையோ முறை கூனிக் குறுகியிருக்கிறார்.

மாத்திரை வேறு. சாப்பிட்டு முடித்ததும் அவள் தண்ணீரோடு வந்து நிற்பாள். மாஸ்டர் அதை வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் ஒதுக்கி, கீழே கடைக்குப் போய்ச் சட்டைப் பொத்தான் டப்பாவில் துப்பிவிடுவார். வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே வெள்ளை மாத்திரைகள். அவற்றைத் துடைத்து ஸ்கேலிடம் நீட்டவும் ஒருமுறை கை போனது. எச்சில் மாத்திரையைக் கொடுத்துப் பிராயச்சித்தம் தேடுகிறோமே என்று தனக்கே கேவலமாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டு, "நீயே போய் ஒருதடவை செக் பண்ணிக்கோடா" என்றார். "தீபத்துக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி அக்கா நல்லா சாப்பாடு போடுது. எனக்கென்ன மாமா?" என்றான் அவன்.

இதில் இன்னொரு கூத்து. பத்தியச் சாப்பாட்டில் மாஸ்டர் இளைக்க ஆரம்பித்துவிட்டார். சொந்தப் பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டார். மூச்சு வாங்குவது குறைந்தது. வாடிக்கையாளர்கள் வந்து, "பிரமாதம் மாஸ்டர், மன உறுதின்னா உங்களைச் சொல்லணும்" என்று பாராட்டினார்கள். மனைவி தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாள். ஒவ்வொரு பாராட்டும் மாஸ்டருக்குச் செருப்படி மாதிரி விழுந்தது. அடுத்தவன் வியாதிக்குப் பத்தியம் இருந்து ஆரோக்கியமாகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் தான்தான் என்று தோன்றியது.

கோடை விடுமுறை முடியும் சமயம், பள்ளிச் சீருடைத் தையல் மும்முரமாக இருந்தது. மொத்தமாக வந்து இறங்கிய துணிக் கட்டுகளை மாடி அறையில் அடுக்க வேண்டும். ஸ்கேல் ஒரு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினான். பாதிப் படியில் நின்றான். கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"என்னடா?" என்றார் கீழேயிருந்து மாஸ்டர்.

"ஒண்ணுமில்ல மாமா. பன்னு நெஞ்சுல நிக்குது." சிரிக்கப் பார்த்தான். கை தானாகத் தாடையைப் பிடித்தது. முகமெல்லாம் வியர்த்து, சட்டை உடம்போடு ஒட்டிப்போனது. மாஸ்டர் தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். இஞ்சு டேப் கழுத்தில் தொங்கத் தொங்க, மச்சினனைக் குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். அவனிடம் கனமே இல்லை. அந்தக் கனமில்லாத உடம்பை நம்பித்தானே ஏமாந்தோம் என்று நினைக்கும்போது அவருக்கு அழுகை முட்டியது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேலைப் படுக்கையோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா அரக்கப்பரக்க வந்து சேர்ந்தாள். ஒரு இளம் டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தார்.

"மாரடைப்புதான். அடைப்பை எடுக்க இப்பவே கொண்டு போறோம். இதுக்கு முன்னாடி இவருக்குக் கொலஸ்ட்ரால் பார்த்திருக்கீங்களா?"

"அவனுக்கா?" என்றாள் அக்கா. "அவனுக்கு எதுக்கு டாக்டர்? ஒடம்பப் பார்த்தீங்கல்ல, ஈர்க்குச்சி. கொலஸ்ட்ரால் எல்லாம் இவருக்குத்தான். அவனுக்கு அதெல்லாம் கிடையவே கிடையாது."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

மாஸ்டருக்கு அந்த நொடி நன்றாக நினைவிருக்கிறது. இப்போதும் பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவன் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறான். அவன் சொல்லவும் மாட்டான், ஒருவேளை சொல்லவே முடியாமலும் போகலாம். இப்படி ஒரு நினைப்பு தனக்குள் ஓடியதே, அதைத்தான் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"டாக்டர்," என்றார். "டெஸ்ட் எடுத்திருக்கு."

டாக்டரம்மா நின்றார். "எங்க ரிப்போர்ட்?"

"வீட்ல இருக்கு. என் பேர்ல இருக்கு."

"புரியல."

"எனக்கு ஊசின்னா பயம். எனக்குப் பதிலா அவன் ரத்தம் குடுத்தான். என் பேரு போட்ட ரிப்போர்ட் அவனோடது. ரெண்டு மடங்கு இருந்துச்சு. எனக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும்."

டாக்டரம்மா திட்டவில்லை. அளவு என்ன, எப்போது எடுத்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மாஸ்டர் சொன்னார். மனைவியின் பக்கம் அவரால் திரும்ப முடியவில்லை. கழுத்தில் இன்னும் டேப் தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்து, அதை உருவி உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டார்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா?" என்று அவள் கேட்டாள். கேள்வி டாக்டரம்மாவுக்கு.

"இது வந்தே இருக்காதுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. அப்பவே மாத்திரை ஆரம்பிச்சு, சாப்பாட்டையும் மாத்தியிருந்தா ஆபத்து குறைஞ்சிருக்கும்." பிறகு அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "உங்களுக்கும் இன்னைக்கே ரத்தம் எடுத்துருவோம்."

நர்ஸ் வந்தாள். மனைவி கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. மாஸ்டரும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் கையை நீட்டினார். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"உங்களுக்கு யாரும் எழுதலீங்களே" என்றாள் நர்ஸ். "உங்க ரத்தம் இப்ப வேணாம்."

ஸ்கேல் பிழைத்துக்கொண்டான். அடைப்பை எடுத்து, ரத்தக்குழாயில் வலைபோல் ஒன்றை வைத்தார்கள். இதயத்தின் ஒரு பகுதி மட்டும் செத்துப்போனது. இனி அவன் நாள்பூராவும் நின்று துணி வெட்ட முடியாது. மாஸ்டர் கட்டில் ஓரத்தில் நின்றபோது அவன் கண்ணைத் திறந்து, "சொல்லிட்டீங்களா மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினார். "ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணதுதானே" என்றான். அவன் மன்னித்தது மாஸ்டருக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் தம்பிக்குத் துணையாக ஒரு உறவுக்காரரை வைத்துவிட்டு மனைவி வீட்டுக்கு வந்தாள். குளித்தாள். அடுப்படியில் எண்ணெய் சடசடவென்று பொரியும் சத்தம் கேட்டது. பிறகு மாஸ்டரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அத்தனை நேரத்தில் அவள் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது.

தட்டில் கோழித்துண்டுகள், தோலோடு, பொன்னிறமாக. பக்கத்தில் ரொட்டி, அதன்மேல் கனமாக வெண்ணெய். எத்தனையோ நாளாக அவர் ஏங்கிய சாப்பாடு.

"சாப்பிடுங்க" என்றாள்.

"வேணாம்மா."

"ஏன்? உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. உங்க வீட்ல எல்லாரும் எண்பதத் தாண்டுறவங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்கப்பா எப்படிப் போனாருன்னு உங்களுக்குத் தெரியும். தம்பிக்கும் அதே இருக்குன்னு ஒரு பேப்பர் இந்த வீட்டுக்கு வந்துச்சு. அதுக்கு நீங்க உங்க பேரக் குடுத்து மூடி வச்சீங்க. நான் உங்களுக்காகத் தோலை உரிச்சேன். உரிச்சத என் கையால அவனுக்குப் போட்டேன். நீங்க எதிர்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

ஊசிப் பயம் என்று அவளிடம் சொல்லியிருந்தால் அதிகபட்சம் என்ன நடந்திருக்கும்? சிரித்திருப்பாள். சிரித்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பாள். அவ்வளவுதான். ஒரு சிரிப்புக்குப் பயந்து இவ்வளவும் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் உடம்பே அருவருப்பாக இருந்தது.

ஒரு கேள்வி மட்டும் மீதி இருந்தது. அதைக் கேட்கும் யோக்கியதை தனக்கு உண்டா என்று தெரியவில்லை. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"உன் ரிசல்ட்டு எப்ப வரும்?"

"காலைலயே வந்துருச்சு" என்றாள் அவள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். "கட்டம் கட்டி, என் பேர்லயே வந்திருக்கு."